ஃப்ரெண்ட்ஸோட ககேத்தி ரோடு ட்ரிப்: ஜார்ஜியாவோட வைன் பூமிக்கு முழுமையான வழிகாட்டி

துபாய், ஷார்ஜா, தோஹான்னு கல்ஃப்ல இருக்குற நம்ம ஆளுங்களுக்கு நாலு நாள் லீவு சேர்ந்தாப்புல கிடைச்சா உடனே ஞாபகம் வர்ற ஊர்ல ஒண்ணு ஜார்ஜியா. துபாய்ல இருந்து மூணரை மணி நேரம் மாதிரிதான் ஃப்ளைட். ஆனா போறவங்க நிறைய பேர் தலைநகர் திபிலிசியில சுத்துவாங்க, பனி பார்க்க கஸ்பேகி போவாங்க, ககேத்தியை மட்டும் ஒரே நாள் பஸ் டூர்ல முடிச்சுடுவாங்க. காலைல கிளம்பி ஏழெட்டு இடம் இறங்கி ஏறி, எல்லா இடத்துலயும் சின்ன கிளாஸ்ல ரெண்டு வாய் வைன் குடிச்சுட்டு இருட்டுறதுக்குள்ள திபிலிசி திரும்பிடுவாங்க. ககேத்தியை அப்படி பார்க்கவே கூடாதுன்னு நான் அடிச்சு சொல்லுவேன். மூணு பகல், ரெண்டு ராத்திரி, ஒரு கார், நாலு ஃப்ரெண்ட்ஸ், இதுதான் சரியான அளவு. பகல்ல ரோடு, ராத்திரி வைன், வைன் ஊத்துற வீட்டுலயே படுக்கை. கீழ இருக்குற மொத்த ப்ளானும் இந்த ஒரே விஷயத்தை வச்சுத்தான் போட்டிருக்கேன்.

ஏன் ககேத்தின்னு கேட்டா, ஜார்ஜியாவோட பெரும்பாலான திராட்சை விளையுறது கிழக்குல இருக்குற இந்த பகுதியிலதான். அந்த நாட்டுல தோண்டி எடுத்த பானை ஓடுகள்ல கி.மு. 6000 வாக்குலயே வைன் இருந்த தடயம் கிடைச்சிருக்குன்னு 2017ல ஆய்வு வந்துச்சு. 500க்கும் மேல உள்ளூர் திராட்சை ரகம் இருக்கு. மண்ணுக்குள்ள புதைச்ச பானையில வைன் போடுற அவங்க முறையை 2013ல யுனெஸ்கோ பாரம்பரிய பட்டியல்ல சேர்த்தாங்க. இதெல்லாம் மியூசியத்துல பூட்டி வச்ச விஷயம் இல்ல, நீங்க தங்கப்போற கெஸ்ட் ஹவுஸ்காரர் வீட்டு பின்னாடி இன்னிக்கும் நடக்குற விஷயம்.

ஸ்டெப் 1: எப்போ போறது, என்ன பேப்பர் வேணும்

செப்டம்பர் நடுவுல இருந்து அக்டோபர் நடு வரைக்கும் போனா அறுவடை நேரம், ர்த்வேலின்னு சொல்லுவாங்க. ஊர் முழுக்க திராட்சை ஏத்தின வண்டி, எந்த வீட்டு பக்கம் போனாலும் புளிச்ச பழ வாசனை, தூரத்துல காகசஸ் மலை உச்சியில பனி. இதுக்கு ஈடான சீசன் வேற கிடையாது. மே, ஜூன்லயும் நல்லா பச்சையா இருக்கும். ஜூலை, ஆகஸ்ட்ல பள்ளத்தாக்கு நல்ல சூடு, கல்ஃப் வெயில்ல இருந்து தப்பிச்சு போறவங்களுக்கு அது வேண்டாம். குளிர்காலத்துல நாம திரும்பி வர்ற கோம்போரி மலை ரோடு வழுக்கும், அப்போ இந்த ப்ளான் செட் ஆகாது.

கல்ஃப் ரெசிடென்ஸ் விசா வச்சிருக்குற இந்தியர்கள் விசா இல்லாம போகலாம்னு விதி இருக்கு, ஊர்ல இருந்து நேரா போறவங்க இ-விசா எடுக்கணும். விதி மாறும், அதனால டிக்கெட் போடுறதுக்கு முன்னாடி ஜார்ஜியா வெளியுறவு அமைச்சகத்தோட தளத்துல ஒரு தடவை பார்த்துடுங்க. ரிட்டர்ன் டிக்கெட், எல்லா ராத்திரிக்கும் ஹோட்டல் புக்கிங், ட்ராவல் இன்சூரன்ஸ், இந்த மூணையும் பேப்பர்ல பிரிண்ட் எடுத்து, கையில கொஞ்சம் காசோட ஒவ்வொருத்தரும் தனித்தனியா வச்சுக்கணும், ஏன்னா இமிக்ரேஷன் கவுன்டர்ல ஒவ்வொருத்தரா கூப்பிட்டு கேட்பாங்க. ஃப்ரெண்டு மொபைல்ல இருக்குன்னு அங்க நின்னுட்டு சொன்னா எடுபடாது, இந்தியன் பாஸ்போர்ட்டை திருப்பி அனுப்புன கதைகள் நிஜமாவே நடந்திருக்கு.

ஸ்டெப் 2: காரும், யார் ஓட்டுறதுங்கிற பேச்சும்

இதை ட்ரிப்புக்கு முன்னாடியே வாட்ஸ்அப் குரூப்ல பேசி முடிச்சுடுங்க. ஜார்ஜியாவுல டிரைவருக்கு அனுமதிக்கிற ஆல்கஹால் அளவு ரொம்ப ரொம்ப கம்மி. அதனால கார் சாவி கையில இருக்குறவர் பகல் முழுக்க ஒரு சொட்டு தொடக்கூடாது. கேட்க கஷ்டமா இருக்கும், ஆனா ராத்திரி தங்குற இடத்துலயே நல்ல வைன் இருக்குற மாதிரி ப்ளான் பண்ணிட்டா ஓட்டுறவருக்கும் ஒரு நஷ்டமும் கிடையாது, ஆறு மணிக்கு காரை நிறுத்திட்டு அவரும் டேபிள்ல உட்கார்ந்துடலாம். ரெண்டு பேர் மாத்தி மாத்தி ஓட்டுங்க. அடுத்த நாள் ஓட்டப்போறவர் ராத்திரி சீக்கிரமே நிறுத்திக்கணும், முக்கியமா சாச்சாவை தொடக்கூடாது (திராட்சை சக்கையில காய்ச்சுற சாராயம், வீட்டுல காய்ச்சுனது ரொம்பவே ஸ்ட்ராங்). ராத்திரி குடிச்சது காலைலயும் உடம்புல இருக்கும், எட்டு மணிக்கு கிளம்புறதுக்கு பதிலா பத்து மணிக்கு கிளம்புனா ஒண்ணும் குறைஞ்சுடாது. யாருக்குமே ஓட்ட வேண்டாம்னா டிரைவரோட கார் எடுத்துக்கோங்க, அதுவும் நல்ல ஐடியாதான்.

காரை திபிலிசி ஏர்போர்ட்லயே எடுங்க. சிட்டிக்குள்ள பார்க்கிங் தொல்லை, ஆனா ஏர்போர்ட் இருக்குறது நகரத்துக்கு கிழக்குல, ககேத்தி போற ஹைவே மேலயே. அங்க ரோட்டோட வலது பக்கம்தான் ஓட்டணும், கல்ஃப்ல ஓட்டுறவங்களுக்கு பழகுனதுதான், நம்ம ஊர்ல மட்டும் ஓட்டிப் பழகுனவங்க முதல் நாள் ஸ்டியரிங்கை இன்னொருத்தர்கிட்ட கொடுத்துடுங்க. லைசென்ஸோட இன்டர்நேஷனல் பெர்மிட்டும் வச்சுக்கோங்க. நான் சொல்ற ரூட்டுக்கு சாதா செடானே போதும். இன்சூரன்ஸ்ல டயரும் கண்ணாடியும் கவர் ஆகுதான்னு கேளுங்க, காரை வாங்கும்போதே சுத்தி வந்து வீடியோ எடுத்துடுங்க. ஊருக்குள்ள 60க்கு மேல போகாதீங்க, ஸ்பீடு கேமரா நிறைய இருக்கு. மாடு ரோட்டு நடுவுல படுத்திருக்கும், அக்டோபர்ல மேய்ச்சல்காரங்க மலையில இருந்து ஆட்டு மந்தையை இறக்குவாங்க, நூத்துக்கணக்குல ஆடு காரை சுத்தி ஆறு மாதிரி போகும், ஹாரன் அடிக்காம எஞ்சினை ஆஃப் பண்ணிட்டு ரசிங்க. எமர்ஜென்சின்னா 112.

ஸ்டெப் 3: முதல் நாள், திபிலிசி டு சிக்நாகி

110 கிலோமீட்டர், நிறுத்தாம போனா ரெண்டு மணி நேரத்துக்குள்ள போயிடலாம், ஆனா நிறுத்தணும். சகரேஜோ தாண்டினதும் பதியவுரின்னு ஒரு கிராமம் வரும், ஹைவே ஓரமா வரிசையா ரொட்டிக்கடை. தோனேன்னு சொல்ற உருண்டையான களிமண் அடுப்பு, உள்பக்க சுவத்துல மாவை ஒட்டணும். ரொட்டி போடுற அம்மா மாவை நீளமா ரெண்டு பக்கமும் கூரா இழுத்து, இடுப்பு வரைக்கும் அடுப்புக்குள்ள குனிஞ்சு சட்டுனு அறைஞ்சுட்டு நிமிருவாங்க, கொஞ்ச நேரத்துல கொக்கியால எடுத்து கையில கொடுப்பாங்க. பேப்பர் சுத்தியும் கை சுடும். கூடவே உப்பு கரிக்கிற உள்ளூர் சீஸ், ஒரு தக்காளி வாங்கிக்கோங்க. நாலு பேருக்கு ரெண்டு ரொட்டி போதும்னு நினைப்பீங்க, கார் நகருறதுக்குள்ளயே ரெண்டும் காலியாகும், மூணா வாங்கிடுங்க.

அடுத்து போட்பே. ஜார்ஜியாவுக்கு நாலாம் நூற்றாண்டுல கிறிஸ்தவத்தை கொண்டு வந்த புனித நினோவோட கல்லறை இருக்குற மடம். அங்க மட்டும் இல்ல, இந்த ரூட்ல எல்லா சர்ச்லயும் பெண்கள் தலையை துணியால மூடணும், ஆண்கள் ஷார்ட்ஸ் போடக்கூடாது, அதனால ஒரு துப்பட்டாவும் ஒரு பேன்ட்டும் டிக்கியில போடாம கைக்கு எட்டுற மாதிரி வச்சுக்கோங்க.

போட்பேல இருந்து சிக்நாகி பக்கத்துலயே. மலை மேல சின்ன ஊர், ஓட்டு வீடுங்க, மரத்துல செதுக்குன பால்கனி. 18ஆம் நூற்றாண்டுல இரண்டாம் எரெக்லே மன்னர் கட்டின கோட்டைச் சுவர், 23 கோபுரத்தோட இன்னும் நிக்குது. சுவர் மேல நடந்தா கீழ அலஸானி பள்ளத்தாக்கு முழுசும் கட்டம் கட்டமா திராட்சை தோட்டம், அதுக்கு எதிர்ல சுவர் வச்ச மாதிரி காகசஸ். வெயில் சாயுற நேரத்துக்கு அங்க இருக்குற மாதிரி வந்துடுங்க. மழை, மூடுபனின்னா மியூசியத்துக்கு போகலாம், இந்த மண்ணுல பிறந்த ஓவியர் பிரோஸ்மானியோட ஒரிஜினல் படங்கள் அங்க இருக்கு.

ராத்திரி சிக்நாகிலயே தங்குங்க. காரை நிறுத்தியாச்சு, இனிமே எல்லாம் நடைதான். ஃபெசன்ட்ஸ் டியர்ஸ்ன்னு 2007ல ஆரம்பிச்ச ஒயினரியோட ரெஸ்டாரன்ட் இந்த ஊர்லதான் இருக்கு, பானையில போட்ட இயற்கை வைனை உலக அளவுல பேச வச்சதுல அவங்களுக்கு பெரிய பங்கு உண்டு, சீசன்ல முன்கூட்டியே டேபிள் சொல்லிடுங்க.

ஸ்டெப் 4: வைனை எப்படி குடிக்கிறது

இதை கொஞ்சம் நிதானமா படிங்க, ஏன்னா இது தெரியாம போனா முதல் கிளாஸ்லயே முகம் சுளிச்சுட்டு பீர் ஆர்டர் பண்ணிடுவீங்க.

குவெவ்ரின்னா முட்டை வடிவ பெரிய மண்பானை, உள்பக்கம் தேன்மெழுகு பூசி, கழுத்து வரைக்கும் தரைக்குள்ள புதைச்சிருப்பாங்க. சில பானை ஆயிரக்கணக்கான லிட்டர் பிடிக்கும், ஆளே உள்ள இறங்கி கழுவலாம். திராட்சையை நசுக்கி சாறு, தோல், விதை, சில நேரம் காம்பு எல்லாத்தையும் சேர்த்து உள்ள ஊத்திடுவாங்க. புளிச்சு அடங்கினதும் மூடி போட்டு களிமண்ணால அடைச்சு, ககேத்தி முறையில அஞ்சாறு மாசம் அப்படியே விட்டுடுவாங்க. மண்ணுக்குள்ள இருக்குறதால சூடு ஏறாம இறங்காம ஒரே சீரா இருக்கும், அடியில பானை கூராப் போறதால விதையும் கசடும் அங்க போய் தங்கிடும், மேல இருக்குற வைன் தானாவே தெளிஞ்சுடும். பம்பு, ஃபில்டர் எதுவும் இல்லாம இவ்வளவு யோசிச்சிருக்காங்க, பார்க்கும்போது உண்மையிலேயே மரியாதை வருது.

வெள்ளை திராட்சையையே தோலோட ஊற வைக்கிறதால வைன் கட்டன் சாயா நிறத்துல வரும், ஆம்பர் வைன்னு சொல்லுவாங்க. நாக்குல துவர்ப்பு பிடிக்கும், அதுதான் அதோட குணம். ஃப்ரிட்ஜ்ல வச்சு சில்லுன்னு கேட்காதீங்க, துவர்ப்பு இன்னும் கடுமையாகும். வெறும் வயித்துல குடிக்காம கூடவே வால்நட் விழுது தடவுன கத்திரிக்காய், சீஸ், ரொட்டின்னு சாப்பிட்டீங்கன்னா அப்போதான் அது ஏன் அப்படி இருக்குன்னு புரியும். ரகத்ஸிதெலியில ஆரம்பிங்க, கிசின்னு ஒரு ரகம் இன்னும் மணமா இருக்கும். சிவப்புல சபெராவி, அந்த பழத்தை பிச்சுப் பார்த்தா தோல் மட்டும் இல்ல சதையே சிவப்பா இருக்கும், வைன் கிளாஸ்ல கருப்பா தெரியும். இனிப்பு வேணும்னு சொல்ற ஃப்ரெண்டுக்கு கிந்த்ஸ்மராவுலி கேளுங்க, அதே சபெராவியில போடுற செமி-ஸ்வீட்.

மரானின்னு சொல்ற வைன் அறைக்குள்ள போனா கவனிச்சு பாருங்க, தரையில வட்ட வட்டமா மூடி மட்டும்தான் தெரியும். வீட்டுக்காரர் ஒண்ணை திறந்து, காய்ஞ்ச சுரைக்குடுக்கையில நீளமா கம்பு செருகின அகப்பையால மொண்டு நேரா கிளாஸ்ல ஊத்துவாரு. பானை கழுவ செர்ரி மரப்பட்டையை அடுக்கி கட்டின தேய்ப்பான் சுவத்துல தொங்கும், அது என்னன்னு கேளுங்க, கேட்டீங்கன்னா மனுஷன் சந்தோஷத்துல அரை மணி நேரம் பேசுவாரு.

ஸ்டெப் 5: ரெண்டாம் நாள், ஆத்துக்கு அந்தக் கரை

சிக்நாகில இருந்து இறங்கி, அலஸானி ஆத்தை தாண்டி எதிர்க்கரைக்கு போனா குவரேலி. மலையை குடைஞ்ச சோவியத் காலத்து சுரங்கத்துல கரேபா ஒயினரி பாட்டில்களை அடுக்கி வச்சிருக்காங்க, மொத்தம் 7.7 கிலோமீட்டர் சுரங்கம், வருஷம் முழுக்க உள்ள குளிரும், ஒரு ஸ்வெட்டர் எடுத்துட்டு போங்க. கூட்டம் இருக்கும், டூர் பஸ் எல்லாம் வரும், ஆனா ஒரு தடவை பார்க்கலாம். டிரைவர் பார்க்க மட்டும், அவரோட டேஸ்டிங் பங்குக்கு பதிலா ஒரு பாட்டில் வாங்கி ராத்திரிக்கு வச்சுடுங்க.

அங்க இருந்து மலையடிவார ரோட்டுலயே மேற்கால போனா நெக்ரேசி மடம், அப்புறம் கிரேமி கோட்டை. கிரேமி ஒரு காலத்துல ககேத்தியோட தலைநகரம், 17ஆம் நூற்றாண்டு ஆரம்பத்துல பாரசீக ஷா அப்பாஸ் படை அழிச்சது, இப்போ குன்று மேல சர்ச்சும் கோபுரமும்தான் மிச்சம். ரெண்டுல ஒண்ணு போதும்னா கிரேமி போங்க.

அலவெர்தியை மட்டும் விட்றாதீங்க. தட்டையான வயலுக்கு நடுவுல 50 மீட்டருக்கும் மேல உயரமா 11ஆம் நூற்றாண்டு சர்ச் ஒத்தையா நிக்கும், பின்னாடி மலை. ரோட்டுல ரொம்ப தூரத்துலயே தெரிய ஆரம்பிச்சுடும், கார்ல எல்லாரும் பேச்சை நிறுத்திடுவீங்க. அங்க இருக்குற துறவிகள் இன்னும் குவெவ்ரியில வைன் போடுறாங்க.

இந்த ஏரியாவுல மேப்ல ஓமாலோ, துஷெத்தின்னு ரோடு காட்டும், போர்டும் இருக்கும். ஆர்வத்துல வண்டியை திருப்பிடாதீங்க. அது 2,800 மீட்டருக்கு மேல ஏறுற அபானோ கணவாய், கோடையில மட்டும் திறக்கிற மண் ரோடு, ஓரத்துல தடுப்பு கிடையாது, ஃபோர் வீல் டிரைவும் அந்த ரோடு பழகுன உள்ளூர் டிரைவரும் இல்லாம போகவே கூடாது.

ராத்திரி தெலாவி பக்கத்துல, சொந்தமா மரானி இருக்குற குடும்ப கெஸ்ட் ஹவுஸா பார்த்து புக் பண்ணுங்க. புக் பண்ணும்போதே ராத்திரி சாப்பாடும் சேர்த்து சொல்லிடணும், அதுதான் இந்த ட்ரிப்போட உயிர்.

ஸ்டெப் 6: சுப்ரா மேஜையில

சுப்ரான்னா விருந்து, தட்டு மேல தட்டு அடுக்குவாங்க. மேஜைக்கு ஒரு தமதா உண்டு, அவர்தான் வாழ்த்து சொல்லுவாரு. அமைதிக்கு, இறந்து போனவங்களுக்கு, பெத்தவங்களுக்கு, குழந்தைகளுக்குன்னு ஒவ்வொரு வாழ்த்தும் சின்ன பேச்சு மாதிரி இருக்கும். அவர் பேசும்போது குறுக்க பேசாதீங்க, வாழ்த்து முடியுறதுக்கு முன்னாடி தனியா எடுத்து குடிக்காதீங்க. முடிஞ்சதும் எல்லாரும் "கௌமார்ஜோஸ்" (நம்ம சியர்ஸ் மாதிரி). உங்க டர்ன் வந்தா தமிழ்லயே மனசுல இருந்து பேசுங்க, ஒருத்தர் இங்கிலீஷ்ல சொல்லட்டும். நான் பார்த்த ஒரு மேஜையில எங்க கூட வந்தவர் போன வருஷம் தவறிப்போன அவரோட அப்பாவைப் பத்தி தமிழ்ல ரெண்டு வரிதான் சொன்னார், வீட்டுக்கார பெரியவர் மொழிபெயர்க்க விடாம எழுந்து வந்து அவர் தோளைப் பிடிச்சுக்கிட்டார்.

குடிக்காத ஃப்ரெண்டு இருந்தா சங்கடமே வேண்டாம், வீட்டுல போட்ட பழ கம்போட், பச்சை நிறத்துல தர்ஹூனா சோடா, போர்ஜோமி மினரல் வாட்டர் எல்லாம் இருக்கும், அதை வச்சே வாழ்த்து சொல்லலாம்.

சாப்பாட்டுல நம்ம ஆளுங்களுக்கு ஒரு வசதி, கொத்தமல்லி தாராளமா போடுவாங்க, பூண்டும் உண்டு. காரம் வேணும்னா அஜிகான்னு மிளகாய் விழுது கேளுங்க. ம்ஸ்வாதின்னு கம்பியில குத்தி சுடுற கறி, ககேத்தியில அதை வெட்டிப்போட்ட திராட்சைக் கொடியை எரிச்ச தணல்லதான் சுடுவாங்க, அந்த புகை வாசனை கறியில இறங்கியிருக்கும். பெரும்பாலும் பன்னி, வேண்டாம்னா முன்னாடியே சொல்லிடுங்க. கின்காலியை (கறி வச்ச கொழுக்கட்டை மாதிரி) ஸ்பூன், ஃபோர்க் வச்சு குத்தக்கூடாது, மேல இருக்குற குடுமியை பிடிச்சு தூக்கி ஓரமா கடிச்சு உள்ள இருக்குற சூப்பை உறிஞ்சிட்டு அப்புறம் சாப்பிடணும், குடுமியை தட்டுல விட்டுடலாம்.

சுத்த சைவம்னா "சமர்ஹ்வோ" அப்படின்னு கேளுங்க, சர்ச் விரத நாள் சாப்பாடு, கறி, பால், முட்டை எதுவும் இருக்காது. லோபியோன்னு பீன்ஸ் குழம்பு, லோபியானின்னு பீன்ஸ் வச்ச ரொட்டி, கத்திரிக்காய் வால்நட், கீரையை அரைச்சு உருட்டின ப்ஹாலி, இதெல்லாம் வச்சு மூணு நாளும் வயிறு நிறைய ஓட்டலாம்.

ஸ்டெப் 7: மூணாம் நாள், கோம்போரி வழியா திரும்புறது

காலைல தெலாவி மார்க்கெட் போங்க. சுர்ச்கேலா கலர் கலரா தொங்கும். வால்நட்டை நூல்ல கோர்த்து, மாவு சேர்த்து காய்ச்சின திராட்சைச் சாறுல முக்கி முக்கி காய வைக்கிறது, சர்க்கரை தேவையே இல்ல. தொட்டுப்பார்த்து லேசா வளையுறதை வாங்குங்க, கல்லு மாதிரி இருந்தா பழசு. ஊர் நடுவுல 900 வருஷம்னு சொல்ற சினார் மரம் ஒண்ணு இருக்கு, அதையும் எட்டிப் பாருங்க. கையில லாரி (ஜார்ஜியா காசு) நோட்டு இருக்கணும், கிராமத்துல கார்டு எல்லா இடத்துலயும் ஓடாது.

பக்கத்துல சினந்தாலி மாளிகை, கவிஞர் அலெக்சாண்டர் சவ்சவாத்சேவோட வீடு, ஐரோப்பிய முறையில வைனை பாட்டில்ல அடைக்கிறது ஜார்ஜியாவுல இங்கதான் தொடங்குச்சு, 1841ஆம் வருஷ சபெராவி இன்னும் அந்த பாதாள அறையில இருக்கு. தோட்டம் அழகு, ஒரு மணி நேரம் போதும். நேரம் இருந்தா இகால்தோ, பழைய மடம், முற்றத்துல காலியான குவெவ்ரிங்க வரிசையா சாய்ஞ்சு கிடக்கும், முழு பானையோட சைஸ் அங்கதான் கண்ணால தெரியும்.

திரும்பி வர்றதுக்கு ஹைவே வேண்டாம், கோம்போரி ரோடு எடுங்க. தெலாவில இருந்து திபிலிசிக்கு 90 கிலோமீட்டர் சொச்சம்தான், ஆனா 1,600 மீட்டருக்கு மேல ஏறி இறங்கும், வளைவு மேல வளைவு, வாந்தி வர்றவங்களை முன் சீட்ல உட்கார வைங்க. ஏற ஆரம்பிச்ச கொஞ்ச நேரத்துல ஷுவாம்தா, காட்டுக்குள்ள மூணு சின்ன பழைய சர்ச், யாருமே இல்லாம இருக்கும். அக்டோபர்ல அந்த காடு மொத்தமும் மஞ்சளும் செம்பும். மத்தியானத்துக்குள்ள தெலாவியை விட்டு கிளம்பிடுங்க, மலை மேல இருட்டுல ஓட்டாதீங்க, மேகம் இறங்கிடும்.

ஸ்டெப் 8: பாட்டில் கொண்டு வர்றது

குடும்ப மரானியில பிளாஸ்டிக் பாட்டில்ல ஊத்திக் கொடுப்பாங்க, அது அன்னிக்கே குடிக்க மட்டும், ஃப்ளைட்டுக்கு கார்க் போட்டு லேபிள் ஒட்டின பாட்டிலா வாங்குங்க. கேபின் பேக்ல விட மாட்டாங்க, ஒவ்வொரு பாட்டிலையும் ஜீன்ஸ்ல சுத்தி, மேல கவர் கட்டி செக்-இன் பெட்டி நடுவுல வைங்க. இந்தியாவுக்கு ஒருத்தருக்கு 2 லிட்டர், யுஏஇக்கு 4 லிட்டர் வரைக்கும் டியூட்டி ஃப்ரீ. நாலு பேர் சேர்ந்து போறதால ஆளுக்கு ஒரு ரகம்னு பிரிச்சு வாங்கிட்டா திரும்பி வந்ததும் ஒரு நாள் எல்லாரும் கூடி திறக்கலாம், ஆம்பர் வைனை மட்டும் அப்பவும் ஃப்ரிட்ஜ்ல ரொம்ப நேரம் வச்சுடாதீங்க.